மாவின் தடம்

காஸாவுக்காக எங்கள் பகுதியில் நடந்த கவியரங்கு ஒன்றில் நானும் ஒரு கவிதை வாசித்தேன். அது நல்ல கவிதை என்று சொல்ல மாட்டேன். அழுகை இருந்தது, அவ்வளவுதான். எனக்குப் பின் வந்த இளம் கவிஞர் நன்றாக எழுதுகிறவர். பெயர் இங்கே தேவையில்லை. அவருடைய கவிதையின் நடுவில் ஒரு படிமம் வந்தது. யூதர்கள் தங்கள் பெருநாள் ரொட்டியைக் குழந்தைகளின் இரத்தம் ஊற்றிப் பிசைகிறார்கள் என்பது அதன் சாரம். மண்டபம் அதிர்ந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை தரம் பதினொன்றில் பாடம் முடிந்து புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் மேசையருகே வந்து நின்றான். அவனும் அந்த மண்டபத்தில் இருந்திருக்கிறான்.

“சேர், அந்த ரொட்டி விசயம் உண்மையா, இல்லாட்டி உருவகமா?”

“அது கவிதைதானே மகன்” என்றேன்.

“உருவகம் என்டா சரி சேர். ஆனா வாட்ஸ்அப்பில உண்மை என்டுதான் வருது.”

உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு படிப்பித்து இருபது வருடம் சம்பளம் வாங்குகிறவன் நான். அன்று பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். இது அவனுக்கு நான் கடன் வைத்த பதில். அவனைவிட நமது இலக்கிய நண்பர்களுக்கு இது அதிகம் தேவைப்படுகிறது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த ரொட்டியின் பெயர் மட்ஸா. மூஸா நபியின் கூட்டத்தார் பிர்அவ்னின் நாட்டிலிருந்து விடுபட்டுப் புறப்பட்ட இரவில் மா புளிக்க நேரமிருக்கவில்லை. புளிக்காத மாவையே சுட்டுத் தின்றார்கள் என்பது அவர்களது வேத வரலாறு. அந்த விடுதலையின் நினைவுதான் அவர்களது பெசாஹ் பெருநாள். விடுதலை நமக்கும் அந்நியமானதல்ல. மதீனாவில் யூதர்கள் ஆஷூரா நோன்பு பிடிக்கக் கண்டு காரணம் கேட்டு, மூஸாவுக்கு நாமே அதிக உரிமையுடையோர் என்று நபி (ஸல்) அவர்களும் நோன்பிருந்ததை நாம் ஆண்டுதோறும் முஹர்ரம் பயானில் கேட்கிறோம். அதே மூஸாவின் அதே விடுதலையை ஒருவர் நோன்பாலும் ஒருவர் ரொட்டியாலும் நினைக்கிறார்கள்.

இந்த ரொட்டிக்கு அவர்களிடம் ஒரு பெரிய ஃபிக்ஹ் இருக்கிறது. மத்ரஸாவில் ஒரு வருடமாவது ஓதியவருக்கு அது அந்நியமாகத் தெரியாது. பெருநாளின் முதல் இரவில் மட்ஸா உண்பது பர்ழு. மற்ற நாட்களில் விரும்பினால் உண்ணலாம். ஆனால் புளித்த மாப்பண்டம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியங்களில் ஒன்றால்தான் மட்ஸா செய்யலாம். அரிசி ஆகாது. அரிசி மா புளிப்பதில்லை, கெட்டுத்தான் போகிறது என்பது தல்மூதின் வாதம். புளிக்கக்கூடியதைப் புளிக்கவிடாமல் காப்பதில்தான் கடமை இருக்கிறது. புளிக்கவே புளிக்காததைக் காப்பதில் என்ன இருக்கிறது? அப்பமாவைப் புளிக்க வைத்து விடியற்காலையில் சுடுகிற நம் பெண்கள் இந்த அரிசி வாதத்தை ஏற்கமாட்டார்கள் என்பது வேறு கதை.

மாவில் தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் பிசைந்து, தட்டி, அடுப்பில் வைத்துவிட வேண்டும். தண்ணீரும் முதல் நாள் அந்தியில் இறைத்து ஓர் இரவு தங்கிக் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீர் மாவைச் சீக்கிரம் புளிக்கச் செய்துவிடும் என்ற பயம். இதைப்பற்றித் தல்மூதில் ஒரு கதை. ரப் மத்தனா என்ற ஆலிம் பப்பூனியா என்ற ஊரில் இந்தச் சட்டத்தைச் சொன்னார். ‘இரவு தங்கிய தண்ணீர்’ என்பதற்கு அவர் சொன்ன எபிரேயச் சொல்லுக்கு ‘நம்முடைய தண்ணீர்’ என்றும் பொருள் வரும். மறுநாள் காலை ஊரே குடமும் கையுமாக அவர் வாசலில் வந்து நின்றது, உங்கள் தண்ணீரைத் தாருங்கள் என்று. குத்பாவில் ஒன்றைச் சொல்ல, ஊர் வேறொன்றாய் விளங்கிக்கொண்ட அனுபவம் நம் மௌலவிமாருக்கு இல்லையா என்ன?

அளவிலும் அப்படித்தான். குறைந்தது ஒரு ஸைத்தூன் காயளவு உண்ண வேண்டும். அந்தக் காய் எவ்வளவு பெரியது? அரை முட்டை என்றார் ஒருவர், மூன்றில் ஒரு பங்கு முட்டை என்றார் இன்னொருவர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிராக் நகரத்து யெஹெஸ்கேல் லாண்டாவ் என்ற பெரியவர், இன்றைய முட்டை அந்தக் காலத்து முட்டையில் பாதிதான் என்று சொல்லி அளவையே இரட்டிப்பாக்கினார். சிரிப்பதற்கு முன் நம் ஊர் ஃபித்ராவை நினைத்துப் பாருங்கள். ஒரு ஸாஉ என்பது இரண்டரைக் கிலோவா, மூன்று கிலோவா என்று ஒவ்வொரு ரமழானிலும் இரண்டு துண்டுப்பிரசுரம் வருகிறது. ஸாஉ எட்டு ராத்தல் என்று இருந்த அபூ யூசுப் இமாம், மதீனாவில் மாலிக் இமாம் வரவழைத்துக் காட்டிய பழைய மரக்கால்களைப் பார்த்துத் தன் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று படிக்கிறோம். அளவில் சண்டை பிடிப்பது அல்லாஹ்வுக்குச் சரியாகக் கொடுக்க வேண்டும் என்று பயப்படுகிற சமூகங்களின் குணம்.

நேரம் பற்றியும் நிய்யத் பற்றியும் இதே பேச்சுத்தான். நள்ளிரவுக்கு முன் உண்டு முடிக்க வேண்டுமா, விடியும்வரை போகலாமா என்று பழைய ஆலிம்கள் இரண்டுபட்டார்கள். ஒருவனை வற்புறுத்தி மட்ஸாவைத் தின்னச் செய்தால் கடமை நிறைவேறுமா என்று கேட்டுக்கொண்டார்கள். உண்ணும்போது இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அடிமை நின்றுகொண்டு தின்பான், சுதந்திரமானவன் சாய்ந்து உண்பான் என்பது காரணம். பல்லில்லாத முதியவருக்கும் நோயாளிக்கும் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

நம் பக்கத்திலும் இந்த ரொட்டி சுடப்பட்டிருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி சினகோக்கைச் சுற்றி வாழ்ந்த யூதர்கள் பெசாஹுக்குப் பல வாரங்கள் முன்பே வீட்டைத் துப்புரவாக்கி, பாத்திரங்களைப் பிரித்து வைத்து, தானியத்தைப் பொறுக்கி எடுத்துத் தயாராவார்கள். இஸ்ரவேல் உருவான பின் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேலர் நூல்களையெல்லாம் இழந்து, பெருநாளின் காரணத்தையே மறந்த காலத்திலும், அதே பருவத்தில் புளித்த காடிச் சாடியின் வாயை மூடிவைத்து ‘சாடி மூடும் பெருநாள்’ கொண்டாடினார்கள். காரணம் போனாலும் கை மறக்கவில்லை. எங்கள் தீவும் இவர்களை அறியாததல்ல. ஸரந்தீப் அரசனின் பதினாறு ஆலோசகர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர்கள் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல் இத்ரீசி எழுதியிருக்கிறார்.

இனி இரத்தத்துக்கு வருவோம். தவ்ராத்தில் இரத்தம் உண்பது மிகக் கடுமையாகத் தடுக்கப்பட்ட ஒன்று. அறுத்த இறைச்சியைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்பிட்டு, இரத்தத்தை இழுத்தெடுத்த பிறகுதான் சமைக்கிறார்கள். ஈரலை நெருப்பில் வாட்டியாக வேண்டும். முட்டையை உடைத்தால் ஒரு பொட்டு இரத்தம் தெரிந்தாலும் வீசிவிடுகிறார்கள். மட்ஸாவின் சட்டமோ இன்னும் இறுக்கம். தவ்ராத் அதை வறுமையின் ரொட்டி என்கிறது. ஏழையின் ரொட்டியில் மாவும் தண்ணீரும்தான் இருக்கும். ஆகவே முட்டையோ பழச்சாறோ சேர்த்துப் பிசைந்த மட்ஸாவால் முதல் இரவின் கடமை நிறைவேறாது. உப்புக்கூடப் போடாதிருப்பது வழக்கம். பழச்சாறு பட்டாலே கடமை கெட்டுவிடும் ரொட்டியில் இரத்தம் ஊற்றுவதை மார்க்கக் கடமை என்று சொன்னவன், அந்த மார்க்கத்தின் முதல் பக்கத்தையும் படிக்கவில்லை.

சொன்னவன் யார்? நாமல்ல. இதைத்தான் நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும். 1144இல் இங்கிலாந்தின் நொரிச் நகரத்தில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டதை வைத்துத் தொடங்கியது யூதர்கள் மீதான இந்தக் கொலைப்பழி. பிறகு அது இரத்தக் கதையாக வளர்ந்தது. 1475இல் இத்தாலியின் திரெந்தோவில் அதற்காக யூதர்களை உயிரோடு எரித்தார்கள். 1247இலேயே பாப்பரசர் நான்காம் இன்னசன்ட் இது பொய் என்று எழுதியும் நிற்கவில்லை. சிலுவைப் போர்க்கால ஐரோப்பா அவித்த சரக்கு இது.

அரபுலகில் அதைப் பெரிதாக இறக்கியது 1840. டமஸ்கஸில் தோமஸ் என்ற கப்புச்சின் பாதிரியாரும் அவருடைய வேலையாளும் காணாமற்போனார்கள். பிரெஞ்சுத் தூதர் யூதர்களைக் கைகாட்ட, அன்று நகரை ஆண்ட எகிப்திய ஆளுநர் அவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார். சிலர் சித்திரவதையிலேயே இறந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் ஒரு பர்மான் வெளியிட்டார். யூதர்களின் நூல்களை அறிந்தவர்களைக் கொண்டு ஆராய்ந்தோம், மிருகத்தின் இரத்தத்தையே தடுத்தவர்கள் மீது மனித இரத்தப் பழி சுமத்துவது ஆதாரமற்ற அவதூறு என்பது அதன் கருத்து. கலீபாவாக நாம் மதித்த ஒருவர் அடைத்த கதவை 1983இல் சிரியாவின் பாதுகாப்பு அமைச்சர் முஸ்தபா தலாஸ் ஒரு புத்தகம் எழுதித் திறந்துவிட்டார். நம் கவிஞரின் கைப்பேசிக்கு வந்த செய்தி அந்த வழியில் வந்ததுதான். ஐரோப்பியப் பாதிரிமாரின் கட்டுக்கதையை நாம் இஸ்லாமிய உணர்வு என்று நினைத்துக் கைதட்டுகிறோம்.

இதைக் கவிஞரிடம் நேரில் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

“காக்கா, அங்க புள்ளைகள் சாகுதுகள். நீங்க இங்க ரொட்டிக்கு வக்காலத்து வாங்குறீங்க.”

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நமக்கு நடந்ததைச் சொல்லிப் பதில் சொல்கிறேன்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. இடம் அம்பாறை. காத்தான்குடியிலிருந்து தூரமில்லை. முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் சாப்பிட்ட ஒருவரின் உணவில் ஒரு கட்டி இருந்தது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. சிங்களம் சரியாக வராத கடைக்காரர், சுற்றி நின்று மிரட்டியவர்களுக்குப் பயந்து தலையாட்டியதை வீடியோவாக்கிப் பரப்பினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அந்தக் கட்டி என்ன தெரியுமா? மா. சரியாகக் கரையாத வெறும் மா. அறிக்கை வருவதற்குள் திகனையும் எரிந்திருந்தது. அடுத்த ஆண்டு குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகையின் முதற்பக்கத்திலேயே போட்டார்கள். அது நிரூபிக்கப்படவே இல்லை.

அம்பாறையின் மாக்கட்டியையும் டமஸ்கஸின் ரொட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் உணவு. இரண்டிலும் குழந்தைகளைப் பற்றிய பயம். இரண்டிலும் மிரட்டி வாங்கிய ஒப்புதல். இரண்டிலும் ஒரு சிறுபான்மை. நம் மாவில் மாத்திரை என்று நம்பியவனும், அவர்கள் மாவில் இரத்தம் என்று நம்புகிறவனும் ஒரே ஆள்தான். அவனுடைய மொழி மட்டும் வேறு.

காத்தான்குடிக்காரன் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டபோது எனக்குப் பத்து வயது. சுட்டவர்கள் புலிகள், தமிழர் எல்லாரும் அல்லர் என்று பிரித்துச் சொல்ல எங்கள் பெரியவர்களுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். 2019 ஏப்ரல் 21இல் இந்த ஊரில் பிறந்து இந்த ஊரில் பேசித்திரிந்த ஒருவன் தலைமையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, அதே பிரித்துச் சொல்லலை நாங்கள் மற்றவர்களிடம் கெஞ்சிக் கேட்டோம். அடையாள அட்டையில் காத்தான்குடி என்று பார்த்ததும் வீதித்தடையில் முகம் மாறும். கெஞ்சிக் கேட்டதை மற்றவர்க்குக் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மனிதனின் பேச்சுகளும் தொடக்கத்தில் வெறும் பேச்சாகத்தான் இருந்தன. கேட்டவர்கள் சும்மா இருந்தோம். 2024 ஒக்டோபரில் அறுகம்பேக்கு அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்தபோது நம் கடற்கரை மறுபடி உலகச் செய்தியில் வந்தது. இந்த நேரத்தில் மண்டபத்தில் எதற்குக் கைதட்டுகிறோம் என்று பார்ப்பது இலக்கியப் பிரச்சினை மட்டுமல்ல.

மார்க்க ரீதியாகவும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து சில வசனங்கள் எதற்காக இறங்கின என்று நம் மௌலவிமாரிடம் கேளுங்கள். தஃப்ஸீர்கள் சொல்வது இது. மதீனாவில் அன்ஸாரிகளின் பனூ ழஃபர் குடும்பத்தைச் சேர்ந்த துஃமா இப்னு உபைரிக் அயல்வீட்டுக் கவசம் ஒன்றைத் திருடினான். கவசம் ஒரு மாச்சாக்கில் இருந்தது. சாக்கில் ஓட்டை. வழியெல்லாம் மா சிந்திக்கொண்டே போனது. அவன் அந்தக் கவசத்தை ஒரு யூதரிடம் கொடுத்து வைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தான். மாவின் தடம் பிடித்துத் தேடியவர்கள் யூதரின் வீட்டில் பொருளை எடுத்தார்கள். குடும்பத்தார் திரண்டு வந்து எங்கள் ஆளுக்காகப் பேசுங்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் நின்றார்கள். முஸ்லிம் ஒருபுறம், யூதர் மறுபுறம். தடயமும் யூதருக்கு எதிராக இருந்தது. அப்போது வஹீ இறங்கியது. மோசடிக்காரருக்காக வாதாட வேண்டாம் என்றது. தன் குற்றத்தை நிரபராதி மீது போடுகிறவன் புஹ்தானைச் சுமக்கிறான் என்றது. குர்ஆன் ஒரு யூதருக்காக முஸ்லிம் குடும்பம் ஒன்றின் முகத்துக்கு முன் சாட்சி சொன்னது. அந்தக் குர்ஆனை ஓதுகிற நாம், மா சம்பந்தப்பட்ட இன்னொரு பழியை அதே சமூகத்தின் மீது போட்டுக் கைதட்டினோம்.

அப்படியானால் காஸாவைப் பற்றி என்ன எழுதுவது? இதற்குத்தான் அந்தச் சட்டத்தைப் படிக்கச் சொல்கிறேன். பொய் நம் கையிலிருந்த உண்மையான ஆயுதத்தைத் தட்டிப் பறித்துவிட்டது.

பெசாஹ் இரவின் சாப்பாடு ஓர் அழைப்போடு தொடங்குகிறது. மட்ஸாவைக் காட்டி, இது வறுமையின் ரொட்டி என்று சொல்லி, பசித்தவர் யாராயினும் வந்து உண்ணும்படி அழைக்கிறார்கள். 2025இல் அந்த இரவு ஏப்ரல் 12ஆம் திகதி வந்தது. மார்ச் 2ஆம் திகதியிலிருந்து காஸாவுக்குள் உணவு போக இஸ்ரவேல் விடவில்லை. மாவும் எரிபொருளும் இல்லாமல் உலக உணவுத் திட்டம் ஆதரித்த 25 பேக்கரிகளும் பெசாஹுக்கு இரண்டு வாரம் முன்பே மூடப்பட்டுவிட்டன. பசித்தவரை வரச்சொல்லும் வாசகம் ஜெருசலேமில் ஓதப்பட்ட இரவில், சில மணி நேரப் பயணத் தூரத்தில் ரொட்டி சுட மா இல்லை. அந்த ஆகஸ்டில் காஸா நகரில் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் நிபுணர் குழு அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2024 பெப்ரவரி 29இல், மா லொறிகளைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இதில் எந்த உருவகமும் தேவைப்படவில்லை.

இன்னொரு சட்டமும் சொல்கிறேன். ஸலாஹுத்தீன் காலத்துக் கெய்ரோவில் வைத்தியராக இருந்து, சுல்தானின் அமைச்சருக்கு மருத்துவம் பார்த்து, அரபியில் தத்துவம் எழுதிய மூஸா இப்னு மைமூன் தம் சட்டத் தொகுப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். திருடிய மட்ஸாவை உண்டவன் கடமையை நிறைவேற்றியவனாகமாட்டான். மா சுத்தமாக இருக்கலாம், பதினெட்டு நிமிடத்துக்குள் சுட்டிருக்கலாம், இடப்பக்கம் சாய்ந்தே உண்டிருக்கலாம். பிறனுடையது என்றால் செல்லாது. பிறருடைய வயலையும் ஒலிவ மரத்தையும் பறித்து, அந்த மண்ணில் வீடு கட்டி, அந்த வீட்டில் பெசாஹ் கொண்டாடுகிற குடியேறிகளிடம் இந்தச் சட்டத்தை நீட்டிக் கேட்கலாம். உன் வேதம் உன்னிடம் கேட்கிறதே, என்ன பதில் என்று கேட்கலாம். யூதர்களிலேயே பலர் இந்தக் கேள்வியைத் தங்கள் அரசைப் பார்த்துக் கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள். நாம் இரத்த ரொட்டி என்று எழுதிய கணத்தில் அவர்களையும் அந்தக் குடியேறியையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறோம். குடியேறிக்கு அதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை. பாருங்கள், இவர்கள் நம்மை வெறுப்பது நிலத்துக்காக அல்ல என்று அவன் காட்டிக்கொள்வான். அவனுக்கு அந்த வசதியைக் காத்தான்குடியிலிருந்து நாம் ஏன் செய்துகொடுக்க வேண்டும்?

நமது இதழாசிரியர்களுக்கும் கவியரங்குத் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். யாப்புப் பிழை பார்க்கிறோம், சந்திப் பிழை பார்க்கிறோம், கொள்கைப் பிழைகூடப் பார்க்கிறோம். அவதூறு இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘யூதன்’ என்ற சொல்லை வஞ்சகத்துக்கு மறுபெயராகப் போடுவதை நிறுத்துங்கள். ‘முஸ்லிம்’ என்ற சொல்லை வேறு மொழிகளில் எதற்கு மறுபெயராகப் போடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இஸ்ரவேல் அரசைப் பற்றி எழுதுங்கள். அதன் அமைச்சர்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மாவைத் தடுத்தவர்களை எழுதுங்கள். மாவில் இல்லாததை எழுதாதீர்கள்.

இளம் கவிஞர் இன்னும் என்னோடு கோபமாகத்தான் இருக்கிறார். பிரதான வீதியின் ஈச்சமரங்களுக்குக் கீழே எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்கிறார், நின்று பேசுவதில்லை. பேசுவார். அவர் நல்ல கவிஞர்.

பையனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். வகுப்பு முழுவதற்கும் சேர்த்தே சொன்னேன். அன்று நான் கைதட்டியதையும் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

“அப்ப சேர், அந்தக் கவியரங்கில வந்திருந்த மத்தாக்களுக்கு ஆரு சொல்றது?”

அதற்காகத்தான் இதை எழுதினேன்.